ரிசர்வ் திருகும் மஞ்சள் விளக்கும்

"ரிசர்வ் விழுந்துடுச்சு" என்றால் பழைய பைக்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிற வண்டி திடீரென்று இரண்டு தடவை இருமும். இழுவை போய்விடும். ஓட்டுபவரின் இடது கை தானாகவே டேங்குக்கு அடியில் போய் ஒரு சின்னத் திருகைத் தடவிப் பிடித்துத் திருப்பும். சில நொடிகளில் இன்ஜினுக்கு மறுபடி உயிர் வந்துவிடும். கண்ணை ரோட்டை விட்டு எடுக்க வேண்டியதே இல்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது!

இப்போது வருகிற புது வண்டிகளில் அந்தத் திருகு கிடையாது. அதற்குப் பதிலாக மீட்டரில் பெட்ரோல் பம்ப் படம் போட்ட ஒரு குட்டி விளக்கு இருக்கிறது. பெரும்பாலும் மஞ்சள் நிறம். பெட்ரோல் குறைந்தால் எரியும். எரியவில்லை என்றால் பெட்ரோல் இருக்கிறது என்று அர்த்தம். அல்லது விளக்கு கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். இந்த "அல்லது"தான் இங்கே முழுக்கதையும். திருகு எப்படி விளக்காக மாறியது, மாறியதில் என்ன கிடைத்தது, எது கைவிட்டுப் போனது என்று பார்க்கலாம்.

எரிபொருள் தீர்ந்துபோகிற பிரச்சினைக்கும் வண்டிக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் மரச்சட்டத்தில் இன்ஜினைப் பொருத்தி உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளை ஓட்டியது 1885ல். மூன்றே வருடம் கழித்து, 1888 ஆகஸ்டில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு அவருடைய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். சுமார் நூறு கிலோமீட்டர். வழியில் எரிபொருள் குறைந்துபோனது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் போய், கறை நீக்க விற்கிற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். அந்த மருந்துக்கடையைத்தான் இன்று உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று கொண்டாடுகிறார்கள்.

அப்போது அளவு பார்ப்பது எப்படி? மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதுதான். அதற்குப் பிறகும் ரொம்ப காலத்துக்கு அதேதான். 1908ல் வந்த ஃபோர்டின் மாடல் டி காரில் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. ஆட்களை இறக்கிவிட்டு, சீட் மெத்தையைத் தூக்கி, ஒரு குச்சியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். குச்சி எவ்வளவு நனைந்திருக்கிறதோ அவ்வளவு பெட்ரோல். (மேட்டில் ஏறும்போது டேங்கை விட இன்ஜின் உயரமாகிவிடும். அதனால் பெட்ரோல் குறைவாக இருந்தால் ரிவர்ஸ் கியரில் மேடேறுவார்களாம். கற்பனை செய்து பாருங்கள்!) ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் 1961 வரைக்கும் பெட்ரோல் முள்ளே கிடையாது. காலால் தட்டிவிடுகிற ஒரு ரிசர்வ் நெம்புகோல்தான். பைக்குக்கு மட்டுமே சொந்தம் என்று நாம் நினைக்கும் ரிசர்வ், உலகத்தில் மிக அதிகம் விற்ற கார்களில் ஒன்றிலும் இருந்திருக்கிறது.

ரிசர்வ் திருகின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், இவ்வளவுதானா என்று தோன்றும். டேங்குக்கு அடியில் பொருத்தியிருக்கும் அந்தக் குழாயிலிருந்து டேங்குக்குள் இரண்டு வழிகள் போகின்றன. ஒன்று, தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் சின்னக் குழல். இன்னொன்று, தரையை ஒட்டி இருக்கும் ஓட்டை. திருகு "ஆன்" பக்கம் இருந்தால் உயரமான குழலின் வாய் வழியாக மட்டும் பெட்ரோல் இறங்கும். மட்டம் அந்த வாய்க்குக் கீழே போனதும் வரத்து நின்றுவிடும். வண்டி இருமும். "ரிசர்வ்" பக்கம் திருப்பினால் அடி ஓட்டை திறக்கும். மிச்சம் இருக்கிற ஒன்றோ இரண்டோ லிட்டர் இறங்க ஆரம்பிக்கும். மின்சாரம் வேண்டாம், பல்பு வேண்டாம், ஒயர் வேண்டாம். புவியீர்ப்பு விசை ஒன்று போதும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது கேட்ட கதையாகத்தான் இருக்கும். கணக்குப் பதிவியலில் ரிசர்வ் என்று ஒன்று வரும். அது வெளியிலிருந்து வந்த கூடுதல் பணம் இல்லை. அதே லாபத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் எடுத்து வைப்பது. பைக்கிலும் அப்படித்தான். ரிசர்வ் டேங்க் என்று தனியாக ஒரு டேங்க் இருப்பதாக நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிடையவே கிடையாது. அதே டேங்க், அதே பெட்ரோல்.

சரி, காருக்கு முள் வந்த பிறகும் பைக் ஏன் இத்தனை காலம் இந்தத் திருகையே பிடித்துக்கொண்டு இருந்தது? விலை ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. பைக்கின் டேங்க் ஒரு ஒழுங்கான பெட்டி கிடையாது. சட்டத்தின் மேல் சேணம் மாதிரி இரண்டு பக்கமும் தொங்குகிறது. நடுவில் பள்ளம். மேலே அகலம், கீழே ஒடுக்கம். மிதவை வைத்து அளக்கும் முள் இந்த வடிவத்தில் தடுமாறும். சைடு ஸ்டாண்டில் ஒரு அளவு காட்டும், நிமிர்த்தினால் வேறு அளவு காட்டும். வளைவில் சாய்ந்தால் இன்னொன்று. போதாததற்கு அந்தக் காலத்துப் பைக்குகளில் ஆறு வோல்ட் மின்சாரம். ஹெட்லைட்டே அகல் விளக்கு மாதிரிதான் எரியும். அதில் முள்ளுக்கு வேறு கரண்டா?

ஹோண்டா 1974ல் காட்டிய கோல்ட் விங் ஜிஎல்1000 வண்டி இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டியது. உண்மையான டேங்கை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். வழக்கமான டேங்க் இருக்கும் இடத்தில் இருந்தது வெறும் போலி டேங்க். அதன் தலையில் பெட்ரோல் முள். ஆனால் அது ஆயிரம் சிசி வண்டி, பணக்காரச் சமாச்சாரம்.

இந்தியாவில் கதை வேறு. 1955ல் மெட்ராஸில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி புல்லட் தயாரிக்க ஆரம்பித்தது முதல், மைசூரில் செய்யப்பட்ட ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் என்று எதை எடுத்தாலும் திருகுதான் ஆட்சி செய்தது. பஜாஜ் ஸ்கூட்டரிலும் ரிசர்வ் நெம்புகோல் உண்டு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டு உலகச் சந்தையில் விலை எகிறிய பிறகு, பெட்ரோல் என்பது நம்மூரில் அளந்து அளந்து ஊற்றும் பொருளாகிவிட்டது. டேங்க் நிறைய ஊற்றுகிறவர்கள் எத்தனை பேர்? அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று போட்டு ஓட்டியவர்கள்தான் அதிகம். அப்படி ஓட்டுகிறவருக்கு வண்டி எப்போதுமே ரிசர்வில்தான் ஓடும். ரிசர்வும் தீர்ந்துவிட்டால் அடுத்த வித்தை, வண்டியை ஒரு பக்கமாகத் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ப்பது. சேணத்தின் மறுபக்கப் பள்ளத்தில் தங்கியிருக்கும் பெட்ரோல் குழாய் இருக்கும் பக்கத்துக்கு வழிந்துவிடும். அதை வைத்து அடுத்த பங்க் வரைக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். எந்த இன்ஜினியரும் சொல்லிக் கொடுக்காத பாடம்!

1984லிருந்து ஜப்பான் கூட்டணி நூறு சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. இண்ட்-சுசூகி, ஹீரோ ஹோண்டா சிடி100, யமஹா ஆர்எக்ஸ்100, கவாசாகி பஜாஜ். ஹீரோ ஹோண்டாவின் விளம்பரம் ரொப்பு, மூடு, மறந்துவிடு என்கிற பொருளில் நாடெங்கும் பிரபலமானது. மைலேஜ் அவ்வளவு நல்லது என்று சொல்ல வந்தார்கள். ஆனால் மறந்துவிட முடிந்ததற்கு உண்மையான காரணம் டேங்குக்கு அடியில் இருந்த அந்தத் திருகுதான் என்று தோன்றுகிறது. மறந்தாலும் அது இருமி ஞாபகப்படுத்தும்.

திருகைப் புனிதமாக்கவும் கூடாது. அதற்கும் குறைகள் உண்டு. லாரியை முந்திக்கொண்டிருக்கும்போது இருமினால் உயிர்ப் பிரச்சினை. எதிரே பஸ் வருகிறது, வண்டியில் இழுவை இல்லை, ஒரு கை டேங்குக்கு அடியில். அதே மாதிரி, ரிசர்வில் ஓட்டி பங்குக்குப் போய் பெட்ரோல் போட்டுவிட்டு, திருகை மறுபடி "ஆன்" பக்கம் திருப்ப மறந்துவிடுவார்கள். அடுத்த தடவை இருமினால் அது எச்சரிக்கை இல்லை, முடிவு. டேங்கின் அடியில் தேங்கும் துருவும் தண்ணீரும் முதலில் கார்புரேட்டருக்குப் போவதும் ரிசர்வ் ஓட்டை வழியாகத்தான்.

ஆக, இருமுவதற்கு முன்பே சொல்லுகிற ஒன்று தேவைப்பட்டது. அதுதான் விளக்கு.

இந்த விளக்குக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் பைக்கை விட வயதானது. 1833ல் மைக்கேல் ஃபாரடே சில்வர் சல்ஃபைடு என்ற பொருளைச் சூடுபடுத்திப் பார்த்தார். பொதுவாக உலோகத்தைச் சூடாக்கினால் மின்தடை கூடும். இது தலைகீழாக நடந்துகொண்டது. சூடு ஏற ஏற மின்தடை குறைந்தது. கிட்டத்தட்ட நூறு வருடம் அது ஒரு விநோதமாகவே கிடந்தது. 1930ல் அமெரிக்காவில் சாமுவேல் ரூபன் இந்த வகைப் பொருளை வைத்து ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் வாரிசுதான் தெர்மிஸ்டர். மிளகு அளவு கூட இருக்காது.

வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு எல்லோருக்கும் தெரியும். வாளித் தண்ணீருக்குள் இருக்கும் வரை அது பாட்டுக்கு இருக்கும். அதன் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. தண்ணீருக்கு வெளியே வைத்து சுவிட்சைப் போட்டால்? சில நொடியில் சிவந்து வெடித்துவிடும். தெர்மிஸ்டரும் இதே தத்துவம்தான், ரொம்பச் சின்ன அளவில். டேங்குக்குள் ரிசர்வ் மட்டத்தில் அதைப் பொருத்தி, மீட்டரில் இருக்கும் பல்போடு தொடராக இணைத்துவிடுகிறார்கள். பெட்ரோலில் மூழ்கி இருக்கும்போது அது குளிர்ந்தே இருக்கும். தடை அதிகம். அதன் வழியாகப் போகும் கொஞ்சூண்டு கரண்டில் பல்பு எரியாது. பெட்ரோல் மட்டம் இறங்கி தெர்மிஸ்டர் வெளியே தெரிந்ததும், அந்தக் கொஞ்சம் கரண்டிலேயே சூடாகும். சூடானால் தடை குறையும். தடை குறைந்தால் இன்னும் கரண்ட், இன்னும் சூடு. கடைசியில் பல்பு எரியும்.

சூடாகச் சில நொடிகள் ஆகும் என்பது இதில் ஒரு குறை மாதிரி தெரியும். உண்மையில் அதுதான் அழகே. வண்டி குலுங்கும்போது பெட்ரோல் அலை அடிக்கும். ஒவ்வொரு அலைக்கும் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தால் எரிச்சலாக இருக்கும். தெர்மிஸ்டர் சூடாவதற்குள் அடுத்த அலை வந்து அதைக் குளிரவைத்துவிடும். நகரும் பாகம் ஒன்று கூட இல்லாமல் இதைச் சாதித்தார்கள். 1994ல் வந்த டுகாட்டி 916 மாதிரியான பந்தய ரக வண்டிகளில் பெட்ரோல் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான். யமஹாவின் ஆர் வரிசை வண்டிகளில் விளக்கு எரிந்த கணத்திலிருந்து தானாகவே கிலோமீட்டர் எண்ண ஆரம்பிக்கும் ஏற்பாடும் வந்தது. எவ்வளவு தூரம் ரிசர்வில் ஓடியிருக்கிறோம் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த "அல்லது"வுக்கு வருவோம். சாவியைப் போட்டதும் மீட்டரில் எல்லா விளக்குகளும் ஒரு முறை எரிந்து அணையும். பல்பு நன்றாக இருக்கிறது என்று காட்டத்தான் அந்த ஏற்பாடு. ஓட்டுபவர் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். ஆனால் பல வண்டிகளில் அது சோதிப்பது பல்பை மட்டும்தான். டேங்குக்குள் இருக்கும் சென்சார் செத்துப்போயிருந்தால் அந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. திருகு கெட்டுப்போனால் ஒழுகும், நாற்றம் அடிக்கும், வண்டி ஓடாது. சென்சார் கெட்டுப்போனால் ஒன்றுமே நடக்காது. அமைதியாக இருக்கும். அந்த அமைதியும் டேங்க் நிறைந்திருக்கும்போது இருக்கும் அமைதியும் பார்க்க ஒன்றே!

கோளாறு இரண்டு விதமாக வரும். விளக்கு எரியவே எரியாது, அல்லது அணையவே அணையாது. பல்பு நேரடியாக சென்சாரோடு இணைந்த பழைய ரக வண்டிகளில் மெக்கானிக்குகள் காலம் காலமாகச் செய்துவந்த சோதனை ரொம்ப எளிமை. டேங்குக்கு அடியில் சென்சாரின் இரண்டு ஒயர் கனெக்டர் இருக்கும். அதைக் கழற்றி, வண்டிப் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு சாவியைப் போடுவது. விளக்கு எரிந்தால் பல்பு, ஃப்யூஸ், ஒயரிங் எல்லாம் நலம், குற்றவாளி சென்சார். எரியாவிட்டால் சென்சார் மேல் பழி போடுவதற்கு முன் பல்பையும் ஒயரையும் பார்க்க வேண்டும். அணையாத விளக்குக்கு இதன் தலைகீழ். கனெக்டரைக் கழற்றியதும் அணைந்தால் கோளாறு சென்சாரில். கழற்றியும் எரிந்தால் வழியில் எங்கோ ஒயர் தோல் உரிந்து சட்டத்தைத் தொடுகிறது. சீட்டைக் கழற்றி மாட்டும்போது நசுங்கிய ஒயராகத்தான் பெரும்பாலும் இருக்கும். (டேங்க் மூடி திறந்திருக்கும்போது இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஒரு பொறி போதும். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் இப்படி ஒயரை இணைத்துப் பார்க்கவும் கூடாது.)

இன்னொரு வேடிக்கையான கோளாறு உண்டு. இதை வண்டிக்காரர்களே காசு கொடுத்து வரவழைத்துக்கொண்டார்கள். பழைய பல்பைத் தூக்கிவிட்டு எல்இடி போடும் மோகம் வந்தபோது, மீட்டர் விளக்குகளையும் மாற்றினார்கள். எல்லாம் பளிச்சென்று எரிந்தது, பெட்ரோல் விளக்கைத் தவிர. சில வண்டிகளில் அது எப்போதும் எரிந்தது. சிலவற்றில் எரியவே இல்லை. சென்சாரை மாற்றியும் சரியாகவில்லை. காரணம், அந்தப் பழைய பல்பு வெறும் பல்பு இல்லை, சர்க்யூட்டின் ஒரு பாகம். அதன் வழியாக வரும் கரண்டில்தான் தெர்மிஸ்டர் சூடாக வேண்டும். எல்இடி குடிக்கும் கரண்ட் அதற்குப் போதாது. மறுபக்கம், குளிர்ந்த தெர்மிஸ்டர் விடுகிற அந்தக் கொஞ்சூண்டு கரண்டே எல்இடிக்கு எரியப் போதுமானது. பல்பு இருந்த இடத்தில் எல்இடிக்கு இணையாகப் பொருத்தமான ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் தீர்ந்தது. இது தெரியாமல் நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

ஒரு சின்ன எச்சரிக்கை விளக்கின் கோளாறு என்று அலட்சியமாக நினைத்துவிட முடியாது. விமான வரலாற்றில் இதற்குக் கொடுமையான உதாரணம் உண்டு. 1972 டிசம்பர் 29 இரவு, நியூயார்க்கிலிருந்து மயாமி போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானம் இறங்கத் தயாரானபோது முன் சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. சக்கரம் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. பல்புதான் ஃப்யூஸ் போயிருந்தது. விமானிகள் எல்லோரும் அந்த விளக்கையே நோண்டிக்கொண்டிருக்க, ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்து வைக்காமல் விட்டதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்ல இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். இறங்காத சக்கரத்தால் இல்லை, எரியாத பல்பால்.

பைக்கில் அவ்வளவு பெரிய விபரீதம் இல்லைதான். ஆனால் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு இந்த விளக்கின் பொறுப்பு கூடிவிட்டது. இந்தியாவில் 2006ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ வந்தது. 2009ல் ராயல் என்ஃபீல்ட் க்ளாசிக் 500 வந்தது. அதில் திருகும் இல்லை, முள்ளும் இல்லை, விளக்கு மட்டும்தான். புல்லட் பரம்பரையில் வந்தவர்களுக்கு முதலில் இது பெரிய குழப்பம். கை பழக்க தோஷத்தில் டேங்குக்கு அடியில் போகும், அங்கே ஒன்றும் இருக்காது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதிகள் கட்டாயமானபோது பெரும்பாலான வண்டிகள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அதோடு திருகின் காலம் முடிந்தது. 2021ல் வந்த புது க்ளாசிக் 350ல் டிஜிட்டல் பெட்ரோல் அளவே வந்துவிட்டது.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்ப டேங்குக்குள்ளேயே ஒரு மின் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பம்பைக் குளிர்விப்பதும் வழவழப்பாக வைப்பதும் அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். மறுபடியும் அதே வாளி, அதே ஹீட்டர் ராடு! மட்டம் குறைந்த நிலையில் திரும்பத் திரும்ப ஓட்டினால் பம்ப் சூடேறிக் கெடும். அந்தக் காலத்தில் பெட்ரோல் தீர்ந்தால் செலவு ஒரு கிலோமீட்டர் தள்ளுவது. இப்போது விளக்கு பொய் சொன்னால் செலவு சில ஆயிரம் ரூபாய் வரை போகலாம். வண்டியைச் சாய்க்கும் வித்தையும் முன்பு போல உத்தரவாதம் இல்லை.

எத்தனால் இன்னொரு பக்கம். 2022ல் நாட்டின் பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலப்பு எட்டப்பட்டு, 2023லிருந்து இருபது சதவீதக் கலப்பு பங்குகளுக்கு வர ஆரம்பித்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளது. ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். டேங்கின் அடியில்தான் பம்ப் இருக்கிறது. பெட்ரோல் குறைவதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சென்சாரும் அங்கேதான் இருக்கிறது. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டியில் விளக்கு தாறுமாறாக நடந்துகொண்டால், புது சென்சாருக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பு கனெக்டரின் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. துடைத்து மாட்டினாலே சரியாகிவிட்ட வண்டிகள் உண்டு.